விழவில்லை, உட்கார்ந்தேன்

நம் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்கு 'வீட்டில் கீழே விழாமல் இருக்கப் பத்து வழிகள்' என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் என்பதால் எனக்குக் கட்டுரை எழுத வரும் என்று நினைத்துவிட்டார். வழுக்காத தரை, நல்ல வெளிச்சம், குளியலறையில் கைப்பிடி, காலடியில் சுருண்டு கிடக்கிற மிதியடியை எடுத்துப் போடுவது. இதையெல்லாம் போன மாதம் ரத்தக் கொதிப்புப் பார்க்க வந்த சின்ன வயசு டாக்டர் படம் போட்டே காட்டிவிட்டார். அதைத் திருப்பி எழுத நான் எதற்கு?

அன்றைக்கு அந்த டாக்டர், "உங்கள்ல யாராவது இந்த வருஷம் வீட்டுல விழுந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நாற்பது பேர் இருந்தோம். ஒரு கைகூட மேலே போகவில்லை. முன்வரிசையில் இருந்த தாலுகா ஆபீஸ் ஓய்வுக்காரரின் நெற்றியில் பிளாஸ்திரி. அலமாரிக் கதவு இடித்ததாம். எனக்கு அடுத்த நாற்காலி அம்மாள் மணிக்கட்டில் துணிக்கட்டுப் போட்டிருந்தாள். மாவு ஆட்டும்போது பிசகியதாம். நானும் கையைத் தூக்கவில்லை. என் இடுப்பில் அப்போது உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கன்றி நீலமாக இருந்தது. பொய்யர் கூட்டம். உங்களைத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்து.

ஆகவே பத்து வழிகள் என்னிடம் கிடையாது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த ஒரு ஆடி மாதம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்த்துச் செய்திகளைப் படிக்கலாம்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடுகிற தெரு ஒன்றில் இருந்தது. தெருவைப் பார்த்து முன்னறை. அதில் தாத்தாவின் கட்டில். தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். அதற்குப் பின்னால் நடு அறை, கடைசியில் அடுப்படி. முன்னறையில் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து இரண்டு படி இறங்கினால் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் முடுக்கு. முடுக்கைத் தாண்டினால் எங்கள் தறிக்கூடம். ஆறு தறிகள். அவை ஓட ஆரம்பித்துவிட்டால் எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும். எங்கள் தெருக்காரர்களுக்கு இன்றும் தொண்டை பெரிது, காது மந்தம்.

காலையில் தறியை முதலில் ஓட்டிவிடுவது தாத்தாதான். குளித்து, திருநீறு பூசி, அந்த இரண்டு படியையும் இறங்கிப் போய், மெயின் சுவிட்சின் இரும்புப் பிடியை மேலே தள்ளுவார். அப்பாவுக்கு நாற்பது வயதாகியும் அந்தப் பிடியில் கை வைக்க விட்டதில்லை. நூல் கொண்டுவருகிறவரும் துணி எடுக்க வருகிறவரும் தாத்தாவின் கட்டிலைத் தேடித்தான் வருவார்கள். அவர் மடியில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். மடக்கினால் தீப்பெட்டி அளவு. விரித்துத் துணிமேல் வைத்துக் குனிந்து இழைகளை எண்ணுவார். "நெருக்கம் கொறவு" என்று அவர் சொல்லிவிட்டால் அந்தத் துணி குறைதான். அப்பீல் கிடையாது.

அவருக்கும் என் அம்மாவுக்கும் பேச்சு இல்லை.

முந்தின வருஷம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு விருந்தாட்கள் வந்திருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கு அம்மா ஒற்றை ஆளாக நின்று சமைத்தாள். பந்தியில் தாத்தா குழம்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புப் போடணும்னு கூட இவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவ அப்பன் வீட்டுல உப்பக் கண்டிருந்தால்லா தெரியும்" என்று எல்லார் முன்னாலும் இலையை மூடினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மூடிய வாயை அவரிடம் மட்டும் அவள் பிறகு திறக்கவே இல்லை. நேரத்துக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். தாத்தாவும் விடாக்கண்டர். அவரும் நிறுத்திவிட்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஓடினேன்.

"ஏட்டி, உங்கம்மைட்ட சொல்லு, காப்பில சீனி தூக்கலா இருக்குன்னு."

"ஏட்டி, அவுககிட்ட சொல்லு, நாளையிலருந்து சீனியே போடலன்னு."

பத்தடி தூரம்தான். இவள் சொல்வது அவருக்குக் கேட்கும், அவர் சொல்வது இவளுக்குக் கேட்கும். ஆனாலும் நான் போய் நின்று மறுபடி சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குத் தாத்தா வேறு ஏற்பாடு வைத்திருந்தார். அவரிடம் ஒரு கைத்தடி இருந்தது. அதை ஊன்றி அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஊன்றினால் போதும், 'பெரியவரு ஓஞ்சிட்டாரு' என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும், மறுநாள் நூல்காரர் அப்பாவைத் தேடிப் போவார். ஆகவே அந்தக் கம்பு தரையில் தட்டுவதற்கு மட்டும். ரெண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் சாப்பாடு. அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, நடு அறை வாசலை ஒட்டி இருந்த மாடத்தில் வைத்துவிட்டு, முன்னறைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போய்விடுவாள். செம்பை வைக்கிற சத்தத்திலேயே அன்றைய கோபம் எவ்வளவு என்று தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பகை பிடித்திருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தால் ஒன்பது வயதுப் பெண்ணை யார் தேடப்போகிறார்கள்? கொண்டுபோகிற வார்த்தையில் கொஞ்சம் காரம் சேர்ப்பேன். அம்மா ஒன்று சொன்னால் நான் ஒன்றரையாகச் சொல்வேன். பிறகு இரண்டு முகத்தையும் பார்ப்பேன்.

சித்திரை விடுமுறையில் ஒருநாள் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தாத்தா தரையில் இருந்தார். கால்கள் இரண்டும் நீட்டி, வேட்டி முழுக்க சவுக்காரத் தண்ணீர். நான் கிணற்றடியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. விழுந்த மனிதர் முதலில் பார்த்தது தன் முழங்காலை இல்லை, அடுப்படி வாசலை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று. நாம் எல்லோரும் அங்கேதான் பார்க்கிறோம், இல்லையா? எலும்பு பிறகு, வாசல் முதலில்.

"தாத்தா, விழுந்துட்டீங்களா?"

"விழல. உக்காந்தேன்."

"ஈரத்துலயா?"

"எனக்கு எங்க உக்காரத் தோணுதோ அங்க உக்காருவேன். கையக் குடு. உங்கம்மைட்ட வாயத் தொறந்தியோ, பாத்துக்க."

அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். வாசுதேவநல்லூரில் என் அத்தை இருந்தாள், தாத்தாவின் ஒரே மகள். 'அப்பாவை என்னோடு விடுங்கள்' என்று அவள் தாத்தாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா அதற்கு எப்போது வேண்டுமானாலும் பெட்டி கட்டித் தரத் தயாராக இருந்தாள். நடக்க முடியாமல் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷம் தாத்தா அங்கே போகவேண்டியதுதான். மருமகன் வீட்டில், தறிச் சத்தம் இல்லாத ஊரில், அவர் அனுமதி யாருக்கும் தேவைப்படாத ஒரு அறையில். "மவ வீட்டுல போயிக் கெடக்கதுக்கு இந்த முடுக்குலயே கெடந்து போயிரலாம்" என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

வாயை மூடியதற்குக் கூலியாக அந்தப் பித்தளைக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க என்னிடம் கொடுத்தார். அதன் வழியாக என் விரலைப் பார்த்தேன், எறும்பைப் பார்த்தேன், அவர் வேட்டிக் கரையைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து உப்பு எடுத்துவந்து பார்த்தேன். ஒவ்வொரு பரலும் செதுக்கிய கல்லாகத் தெரிந்தது. "உப்பா பாக்க?" என்று கேட்டுவிட்டுத் தாத்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படி விழுந்த பிறகு அவர் ஆள் மாறிவிட்டார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவது அவர் வழக்கம். அதை நிறுத்தினார். கேட்டால் வெயில் என்றார். வெயில் தணிந்ததும் காற்று என்றார். கூட்டாளிகள் நாலைந்து நாள் வாசலில் வந்து விசாரித்தார்கள், பிறகு அவர்களும் வருவதில்லை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் ராத்திரி வரை அதே கட்டில்தான். விழக்கூடாது என்று நடக்காமல் இருந்தார். நடக்காமல் இருந்ததால் கால் சூம்பியது. வைகாசியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை நான் கை கொடுத்துத் தூக்கினேன். இரண்டு முறையும் அவர் உட்கார்ந்திருந்ததாகத்தான் சொன்னார்.

ஆடி பிறந்தது. கோயிலில் கொடி ஏறியது. தாத்தா வருஷா வருஷம் பிராகாரத்தில் ஆடிச்சுற்று சுற்றுகிறவர், நூற்றியொரு சுற்று, தண்ணீர்கூடக் குடிக்காமல். அந்த வருஷம் போகவில்லை. "பெரியவரக் காணலயே" என்று கேட்டவர்களிடம், "முழங்காலுக்குத் தைலம் போட்டிருக்கேன், எண்ணெயோட கோயிலுக்குப் போகக்கூடாது" என்றார். அப்படி ஒரு சாத்திரத்தை அவர்தான் அன்றைக்குக் கண்டுபிடித்தார்.

தபசுக்குப் பத்து நாள் முன்னால் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். ஆள் வைக்கவில்லை, தானே அடித்தாள். போன வருஷம் பந்தியில் அவள் தலைகுனிந்து நின்றதைப் பார்த்த அதே விருந்தாட்கள் இந்த வருஷமும் வருவார்கள். ஒரு குற்றம் சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். சுண்ணாம்பில் நீலம் கலந்து, இரண்டு நாள், மூன்று பூச்சு. சுண்ணாம்பு தின்று அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் அந்தச் சுவரில் ஐந்து கறுப்புக் கைகள் இருந்தன.

கட்டில் தலைமாட்டிலிருந்து பக்கவாட்டுக் கதவு வரை, இடுப்பு உயரத்தில், அடிக்கு ஒன்றாக. தறி எண்ணெய். காலையில் சுவிட்சைப் போடப் போகிறவர் தறிகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வேணும்னே பண்ணுதாக பாத்தியா" என்றாள் அம்மா. "நான் அடிச்ச வெள்ளைன்னு தெரிஞ்சுதான் இப்படிப் பண்ணுதாக."

அழுத்தித் துடைத்து மறுபடி பூசினாள். மறுநாளும் ஐந்து கைகள். மூன்றாம் நாளும் அதே கைகளைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அவுககிட்ட போயிச் சொல்லு. சொவத்துல இனிமே ஒரு கை பட்டுச்சுன்னா வாசுதேவநல்லூருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுருவேன்னு சொல்லு."

இங்கே நிறுத்துகிறேன். அந்தக் கைகள் ஏன் சுவரில் இருந்தன என்று அந்த வீட்டில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். 'எம்மா, தாத்தா மூணு மட்டம் விழுந்துட்டாக, அதான் பிடிக்காக' என்று ஒரு வார்த்தை. அது என் வாயில் இருந்தது. சொல்லியிருந்தால் அம்மா கத்தியிருப்பாள், பிறகு கண்டிப்பாகப் பிடித்து நடக்க ஒரு கயிறாவது கட்டிவிட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். நான் சொல்லவில்லை. சொல்லாதே என்று தாத்தா மிரட்டியது ஒரு காரணம் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த ரகசியத்தால் எனக்கு ஒரு கனம் இருந்தது, அதை விட மனசு வரவில்லை. அதுதான் காரணம்.

முன்னறைக்குப் போய் அம்மா சொன்னதை முழுசாகச் சொன்னேன். கூட என் பங்குக்கு, "சின்னப்புள்ள மாதிரி சொவத்துல தேய்க்கீகளாம்" என்றும் சேர்த்தேன்.

தாத்தா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் ரேகைக்குள் இறங்கியிருந்தது. "சரின்னு சொல்லு" என்றார்.

ஒரு வருஷத்தில் அவர் அம்மாவுக்கு அனுப்பிய முதல் 'சரி' அது. அம்மா நம்பவில்லை. "சரின்னாகளா? நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். அன்றைக்கு மத்தியானக் காப்பியைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கேட்டுக் கோத்துக்கொண்டதுதான். அப்பா நூல் விஷயமாக ராஜபாளையம் போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் நாலாவது தறியின் சத்தம் மாறியிருக்கிறது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா எங்கேயோ தட்டுகிற சத்தம். தறிக்காரர்களுக்குக் கேட்கும் முன்னால் கட்டிலில் இருந்த தாத்தாவுக்குக் கேட்டுவிட்டது. அவசரமாக எழுந்திருக்கிறார். கையைச் சுவரில் வைக்கவில்லை. பெரிய மனிதர்கள் நடக்கிற மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த நீலவெள்ளைச் சுவரை ஒட்டி நடந்து, பக்கவாட்டுக் கதவைத் தாண்டி, முதல் படியில் காலை வைத்தார். அப்படியே முடுக்கில் போய் விழுந்தார்.

ஆறு தறி ஓடும்போது முடுக்கில் யானை விழுந்தாலும் யாருக்கும் கேட்காது. ஆடிக்காற்றில் புழுதி வரும் என்று தறிக்கூடத்தின் முடுக்குப் பக்கத்துக் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அந்த நாளில் அது தினசரி நடப்பது. கரண்ட் போனால் தறிக்காரர்கள் தெருப்பக்கமாக வெளியேறி டீ குடிக்கப் போய்விடுவார்கள். வீடு முழுக்க அமைதி. கைத்தடி கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. தாத்தா மடியிலிருந்து அந்தப் பித்தளைக் கண்ணாடியை எடுத்துப் படிக்கல்லில் தட்டினார்.

ரெண்டு தட்டு.

அம்மா அடுப்படியில் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு தட்டு என்றால் தண்ணீர். செம்பில் மோந்து கொண்டுவந்து மாடத்தில் வைத்துவிட்டு, வழக்கப்படி கட்டில் பக்கம் பார்க்காமல் திரும்பினாள். மறுபடி ரெண்டு தட்டு. "வச்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மறுபடியும் ரெண்டு தட்டு. நேற்று சரி என்று சொன்னவர், இன்றைக்கு அதற்குப் பழி வாங்குகிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "எத்தன தட்டுத்தான் தட்டுவாகன்னு பாப்போம்னு இருந்துட்டேன்" என்று பின்னால் அப்பாவிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கரண்ட் வந்தது. தறிகள் ஓடின.

நான் நாலரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மாடத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கன்னம் படிக்கல்லில் படிந்திருந்தது. ஒரு கால் வேறு யாருடையதோ மாதிரித் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. கண்ணாடி பக்கத்தில் கிடந்தது, வில்லை குறுக்கே விரிசல் விட்டு.

"தாத்தா" என்றேன்.

"உக்காந்திருக்கேன். போ" என்றார்.

நான் அலறியதில் அம்மா ஓடிவந்தாள். மேல்படியில் நின்றுவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் அப்போதுதான் முகத்தோடு முகம் பார்த்தார்கள். அவள் உதடு அசைந்தது. ஆனால் பேசியது என்னிடம்தான்.

"வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுத்தா என்னன்னு கேளுட்டி."

தாத்தாவும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எந்த வாய வச்சுக் கூப்பிடுததுன்னு கேளு."

இடுப்பெலும்பு போய்விட்டது. அந்த வயதில் அதைச் சேர்க்கமுடியாது என்றார்கள். அத்தை வந்தாள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து இடுப்பில் பூசினாள், அழுதாள், அம்மாவைப் பார்க்கிற நேரமெல்லாம் மூக்கைச் சிந்தினாள். விருந்தாட்கள் வந்து தபசும் பார்த்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்று, "படி சரியில்ல அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிப்போனார்கள். அப்பா அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இரண்டு படியையும் சொரசொரப்பாகப் பூசவைத்தார். படியைத்தான் எல்லாருக்கும் திருத்தத் தெரியும்.

தபசுக்கு மறுநாள் தாத்தாவை வாசுதேவநல்லூருக்குக் கொண்டுபோகக் கார் வந்தது. தாத்தா விழுந்ததிலிருந்து நிறுத்தியிருந்த தறிகளுக்கு அன்று காலையில் சுவிட்சைப் போட்டது அப்பா. இரும்புப் பிடி ஏறுகிற சத்தம் கேட்டதும் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். அவரைத் தூக்குவதற்கு முன்னால் அம்மா நடு அறையில் நின்றபடி கடைசியாக என்னை அனுப்பினாள்.

"சொவரப் பிடிச்சுட்டு நடந்திருக்கலாம்லா, ஏன் பிடிக்கலன்னு கேளு."

கேட்டேன். அதற்குள் காரில் ஏற்ற வந்த ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"அவதான கைய வைக்காதன்னா" என்றார் தாத்தா. "அவ சொல்லி நான் கேட்டது அது ஒண்ணுதான்னு சொல்லு."

நான் நடு அறைக்கு வந்தேன். அம்மா வாசலை ஒட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் முனகியது இந்த முறை அவளுக்குக் கேட்டிருக்காது. இதைச் சொன்னால் அவள் அடுத்த கேள்வி கேட்பாள், அதற்கு அடுத்த கேள்வி என்னிடம் வந்து நிற்கும்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

ஆயிரம் செய்தி கொண்டுபோனவள் கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான். தாத்தா ஐப்பசியில் வாசுதேவநல்லூரில் இறந்துபோனார். அம்மா எண்பது வயது வரை இருந்தாள். பக்கவாட்டுக் கதவை ஒட்டிக் கடைசியாக ஒரு கைத்தடம் அவள் துடைக்காமல் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு ஆடிக்கும் அதைச் சுற்றி வெள்ளையடித்தாள், அதன்மேல் அடிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பித்தளைக் கண்ணாடி எப்போது எங்கே தொலைந்தது என்றும் தெரியாது.

இப்போது அதே மனையில் மாடி வீடு. தறிகள் போய் ரொம்ப காலம் ஆகிறது. கீழே நான், மேலே மகனும் மருமகளும். என் அடுப்பு தனி, என் சாவி தனி. மகன் அதைப் பொறுக்கமாட்டான். கீழ் வீட்டைப் பூட்டிவிட்டு மேலே ஒரு அறையில் என்னை உட்காரவைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் விழுகிறேன் என்று அவனுக்குத் தெரிந்தால் அன்றோடு என் அடுப்பு அணைந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை இறங்கும்போது என் கால் சேலையில் தடுக்கியது. அவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்க, "எம்மா, ஒனக்கு இதெல்லாம் தேவையா? ஒரு எடத்துல உக்காரத் தெரியாதா?" என்றான். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். யார் மகள் நான்? அவனும் நிறுத்திக்கொண்டான். யார் பேரன் அவன்? தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் கீழே குழாயில் ரெண்டு தட்டுத் தட்டுவேன், அவன் மேலே மோட்டார் போடுவான். உங்களுக்குச் சிரிப்பு வரும். தாத்தாவை முடுக்கில் பார்த்தவள் தானே, புத்தி வேண்டாமா என்பீர்கள். புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குளியலறையில் மறுபடியும் விழுந்தேன். அங்கே ஒரு எஃகுக் கைப்பிடி இருக்கிறது. மகன் ஒருநாள் ஆளைக் கூட்டிவந்து பேசாமல் மாட்டிவிட்டுப் போனான். அதில் நான் துண்டு காயப்போடுவேன். விழும்போது அது என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிடிக்கவில்லை. அவன் வைத்தது என்பதால் பிடிக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். போடாதே என்று அவன் முன்பு சொல்லியிருந்ததால் போட்டிருந்தேன். டாக்டருடைய படத்தில் இதெல்லாம் இல்லை.

எழுந்திருக்க முடியவில்லை. போன் அடுப்படியில். செம்பை எடுத்துக் குழாயில் தட்டினேன்.

ரெண்டு தட்டு.

மேலே நாற்காலி நகர்ந்தது. அவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன். காலடிச் சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் ஓட ஆரம்பித்தது.

குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு தொட்டி நிறைகிற சத்தத்தைக் கேட்டேன். மறுபடி தட்டினேன். மாடிப்படியில் நின்று அவன் யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"போட்டாச்சு."

மறுபடி தட்டக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. மாடத்தில் இருந்த செம்பு ஞாபகம் வந்தது, நிறையத் தண்ணீரோடு. அவனைச் சின்ன வயதில் நான் கூப்பிடுகிற வார்த்தை ஒன்று உண்டு. நாலு மாதமாக அது தொண்டைக்குள் கிடந்தது. அதை வெளியே எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இடுப்பு வலி ஒன்றுமே இல்லை.

"எய்யா" என்றேன். மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். எங்கள் தெருத் தொண்டை அது.

"எய்யா, நான் விழுந்துட்டேன்."

படியில் அவன் இறங்கிவந்த சத்தத்தை இப்போதும் சொல்வேன், நாலு நாலு படியாக. குளியலறைத் தாழ்ப்பாளைத் தோளால் இடித்துப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தான். என்னைத் தூக்கி நிறுத்துவதற்குள் திட்ட ஆரம்பித்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. மேலே தொட்டி வழிந்து தண்ணீர் மாடியிலிருந்து வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"தட்டு தட்டுன்னு தட்டுதியே, நான் தண்ணின்னுல்லா நெனச்சேன். வாயத் தொறந்து கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

நான் கைப்பிடியில் கிடந்த துண்டைக் கீழே தள்ளிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அதான் கூப்பிட்டேன்லா" என்றேன்.